டிஎஸ்எச் 6.8, ஃப்ரீ டி4 நார்மல்: இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

#1 நாளமிலி

தைராய்டு பற்றிய இழைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முட்டிக்கொள்கின்றன. ஒருவர் ஒரு எண்ணைப் போடுவார். பத்துப் பேர் பத்து டோஸ் சொல்வார்கள். இங்கே யாரும் யாருக்கும் டோஸ் சொல்ல வேண்டாம். ஒரு மாதிரி ரிப்போர்ட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அதை எப்படிப் படிப்பது என்று பேசுவோம்.

மாதிரி இதுதான்: பெண், வயது 34. அசதி, மலச்சிக்கல். டிஎஸ்எச் 6.8; ஆய்வுக்கூடம் போட்டிருக்கும் எல்லை 0.4 முதல் 4.0 வரை, லிட்டருக்கு மில்லி யூனிட் கணக்கில். ஃப்ரீ டி4 (தைராய்டு செய்யும் டி4 ஹார்மோனில் புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் ஓடும் பங்கு) 1.1, எல்லை 0.8 முதல் 1.8 வரை, டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில். வேறு டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஎஸ்எச் என்றால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். அதைச் சுரப்பது தைராய்டு இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. தைராய்டு குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை அணைத்தபடி கிடக்கிறது, பெரியவர்களுக்கு எடை 15 முதல் 25 கிராம். அயோடினைப் பிடித்து, ஒரு நாளைக்கு 80 முதல் 100 மைக்ரோகிராம் டி4 செய்து அனுப்புவது அதன் வேலை. கொஞ்சம் டி3யும் போகும். ஆனால் உடலில் ஓடும் டி3யில் ஐந்தில் நான்கு பங்கு கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4லிருந்து ஒரு அயோடினைக் கழற்றி உண்டாக்கியது. செல்லுக்குள் போய் வேலை செய்வது அந்த டி3தான்.

தைராய்டு கொத்தனார் என்றால் பிட்யூட்டரி மேஸ்திரி. கொத்தனார் மந்தமானால் மேஸ்திரி குரலை உயர்த்துவார், வேலை மிஞ்சினால் வாயை மூடிக்கொள்வார். டிஎஸ்எச் என்பது மேஸ்திரியின் குரல். குரலை மட்டும் கேட்டுவிட்டுக் கட்டடம் எப்படி நிற்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

#2 கேள்விக்குறி

நல்ல தொடக்கம். ஆனால் ஒரு சந்தேகம். ஃப்ரீ டி4 எல்லைக்குள் இருக்கிறது, அதாவது சரக்கு போதுமான அளவு வந்துகொண்டிருக்கிறது. பிறகு மேஸ்திரி எதற்குக் கத்துகிறார்?

#3 ஆய்வுக்கூட மூலை

மேஸ்திரிக்குக் காது ரொம்பக் கூர்மை, அதனால்தான். ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் இரண்டு மடங்காகாது, கிட்டத்தட்ட நூறு மடங்காகும். டி4ல் நம் கண்ணுக்கே தெரியாத சிறு சரிவு டிஎஸ்எச்சில் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். முதல் டெஸ்டாக டிஎஸ்எச்சை வைத்திருப்பதும் இதை நம்பித்தான்.

இன்னொன்று. 0.8 முதல் 1.8 வரை என்பது ஊருக்கே பொதுவான எல்லை. ஒரு தனி ஆளின் டி4 அதற்குள் ஒரு குறுகிய பட்டையில்தான் ஆடும். வழக்கமாக 1.5ல் இருப்பவருக்கு 1.1 என்பது சரிவு; வழக்கமாக 1.0ல் இருப்பவருக்கு 1.1 ஒன்றுமே இல்லை. அவருடைய பழைய ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால் இது தெரியாது. இருந்தால் தயவுசெய்து அதையும் கொண்டுபோங்கள்.

ஆனால் இந்த 6.8ஐ நம்புவதற்கு முன் சில கேள்விகள் இருக்கின்றன. ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது? டிஎஸ்எச் நள்ளிரவு தாண்டி விடியற்காலைக்கு முன் உச்சத்துக்குப் போய், பிற்பகலில் அடிக்கு வரும். காலை 7 மணிக்கு 5.2 காட்டியவர் அதே நாள் மாலை 3 மணிக்கு 3.6 காட்டினால் மெஷின் பழுது என்று அர்த்தமில்லை. வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுங்கள், அதுவும் ஒரே ஆய்வுக்கூடத்தில். கம்பெனிக்குக் கம்பெனி கிட் மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும்.

அந்தச் சமயத்தில் காய்ச்சலோ பெரிய நோயோ வந்து தேறிக்கொண்டிருந்தாரா? தேறும் கட்டத்தில் டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும், சில சமயம் 20 வரைகூட. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு, தைராய்டு சந்தேகம் வலுவாக இல்லாவிட்டால் இந்த டெஸ்டையே தொடாமல் இருப்பது உத்தமம்.

#4 நாளமிலி

மேலே இருப்பதோடு ஒரு வரி: 4.0 என்ற மேல் எல்லை இளவயதுக்காரர்களுக்கு. வயது ஏற ஏற டிஎஸ்எச் தானாகவே கொஞ்சம் ஏறும். 80 வயதுக்காரருக்கு 6 என்பதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் மாதிரிக்கு 34 வயது, அதனால் இந்தச் சலுகை இல்லை.

#5 இரண்டரைதான்

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். டிஎஸ்எச் 2.5க்கு மேல் போனாலே தைராய்டு தோற்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அசதி இருக்கிறது, மலச்சிக்கல் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் தீர்ந்தது. காத்திருந்து என்ன சாதிக்கப் போகிறோம்?

#6 நாளமிலி

2.5 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குப் பழைய வழிகாட்டி நெறிகள் வைத்திருந்த எல்லை அது. 2017ல் அமெரிக்க தைராய்டு சங்கமே அதைத் தளர்த்திவிட்டது. அதைத் தூக்கி எல்லோர் தலையிலும் வைப்பது நியாயமில்லை.

அறிகுறி விஷயத்துக்கு வருகிறேன். அசதி, மலச்சிக்கல், முடி உதிர்வு, எடை கூடுவது, மனச்சோர்வு: இவை தைராய்டுக்கு மட்டும் சொந்தமானவை இல்லை. இரும்புச்சத்துக் குறைவு, தூக்கமின்மை, மன அழுத்தம், வைட்டமின் டி, பி12 குறைவு எல்லாமே இதே கூட்டத்தைக் கூட்டி வரும். எண் சற்று உயர்ந்திருக்கும்போது அசதிக்குக் காரணம் தைராய்டுதான் என்று அடித்துச் சொன்னால், உண்மையான காரணம் அப்படியே மறைந்துவிடும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில், இதுபோல் லேசாக டிஎஸ்எச் ஏறியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு லிவோதைராக்சினும் (டி4தான், மாத்திரை வடிவில்) மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த பெரிய ஐரோப்பிய ஆய்வு 2017ல் வந்தது. களைப்பிலும் தைராய்டு அறிகுறிகளிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை.

மாத்திரையால் தீங்கு வராது என்றும் சொல்ல முடியாது. டோஸ் மிஞ்சி டிஎஸ்எச் 0.1க்குக் கீழே போனால் வயதானவர்களுக்கு இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் சிக்கல் வரும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும்.

10ஐத் தாண்டினால் பேச்சு வேறு. அங்கே பெரும்பாலும் மருந்து தொடங்குவார்கள். 4க்கும் 10க்கும் இடையில் இருப்பதுதான் யோசிக்க வேண்டிய நிலம்.

#7 கேள்விக்குறி

அப்படியென்றால் உண்மையான ஹைப்போவை, அதாவது தைராய்டு குறைவை, உடலில் எப்படி அடையாளம் காண்பது? "அசதி" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

#8 நாளமிலி

இருக்கிறது, அழகான ஒன்று. நோயாளியை நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாரைச் சிறு சுத்தியலால் தட்டினால் பாதம் வெடுக்கென்று கீழே இறங்கும். எல்லோருக்கும் இறங்கும். பார்க்க வேண்டியது அது திரும்புவதை. நார்மலானவருக்கு இறங்கிய வேகத்திலேயே திரும்பிவிடும். முற்றிய ஹைப்போவில் இறங்கின பாதம் ஒரு நொடி தயங்கி, சோம்பலாக மேலே வரும். தசைக்குள் கால்சியத்தை மறுபடி உள்ளிழுக்கும் பம்பு டி3 இல்லாமல் மெதுவாகிவிடுவதால் தசை தளர நேரம் பிடிக்கிறது. அதே தசைக் கோளாறுதான் ரத்தத்தில் சிபிகே என்சைமையும் ஏற்றிவிடும்.

அடுத்தது தோல். முகம் உப்பியிருக்கும், கண்ணுக்குக் கீழே பை தொங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாது. இதய நோய் வீக்கத்தில் குழி விழும். காரணம், இங்கே தோலுக்கடியில் சேர்வது ஹயலூரானிக் அமிலம் போன்ற பசைப் பொருள்கள், அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதே பசை குரல் நாணில் சேர்ந்தால் குரல் கரகரக்கும். மணிக்கட்டில் சேர்ந்து நரம்பை நெருக்கினால் இரவில் விரல்கள் மரத்துப்போகும். தனித்தனி நோய் என்று மூன்று டாக்டரிடம் அலைவார்கள், வேர் ஒன்றுதான்.

நாடித்துடிப்பு 60க்குக் கீழே, ரத்த அழுத்தத்தில் கீழ் எண் உயர்வு, எல்டிஎல் கொலஸ்ட்ரால் உயர்வு, மாதவிலக்கில் அதிகப் போக்கு. கொலஸ்ட்ரால் ஏறுவதற்குக் காரணம் கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து வாங்கும் வாசல்களைக் குறைத்துக்கொள்வது. திடீரென்று கொலஸ்ட்ரால் கூடியவருக்கு ஸ்டாட்டின் எழுதுமுன் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான். தைராய்டு குறைவோடு ஸ்டாட்டின் போட்டால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடும்.

எடை பற்றி ஒரு கசப்பான உண்மை: ஹைப்போவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். 20 கிலோ ஏறியதற்குத் தைராய்டின் மேல் பழி போட முடியாது. மாத்திரையை எடை குறைப்பு மருந்தாக நினைக்கவும் கூடாது.

#9 மாத்திரைக் கட்டம்

மருந்து பக்கம் ஆளில்லாமல் இருக்கிறது, நான் வருகிறேன்.

லிவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. காபி உட்பட எதுவும் அந்த இடைவெளிக்குள் வேண்டாம். காலையில் சரிப்படாதவர்கள், கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரமாவது கழித்து இரவில் போடலாம், நன்றாகவே வேலை செய்யும். கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி. அவை குடலிலேயே இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகையும் உறிஞ்சலைக் குறைக்கும். "டோஸ் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், டிஎஸ்எச் இறங்கவே இல்லை" என்ற புலம்பலில் பாதி இங்கே முடிந்துவிடும். மீதியில் சிலருக்கு சீலியாக் நோயோ (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) வயிற்றுச் சுவர் அழற்சியோ இருக்கும், அதையும் தேட வேண்டும்.

டோஸ் மாற்றினால் மறு டெஸ்ட் 6 முதல் 8 வாரம் கழித்து. அவசரப்பட்டு 2 வாரத்தில் எடுத்தால் காசுதான் தண்டம். டி4ன் அரை ஆயுள் 7 நாள். புது அளவு ரத்தத்தில் நிலைக்க ஐந்து அரை ஆயுள் வேண்டும், அதற்குப் பிறகுதான் பிட்யூட்டரி நிதானமாகும்.

அதே 7 நாள் அரை ஆயுளால் ஒரு நாள் மறந்தாலும் குடி முழுகிவிடாது. ஞாபகம் வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஒரு திருட்டு வேலை. இரண்டு மாதம் ஒழுங்காகப் போடாமல், டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் விடாமல் போடுவார்கள் சிலர். ரிப்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும்: ஃப்ரீ டி4 மேல் எல்லையில், டிஎஸ்எச்சும் உயர்ந்து. டி4 சட்டென்று ஏறும், டிஎஸ்எச் இறங்க வாரக்கணக்கில் ஆகும். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் முதலில் கேட்க வேண்டியது "மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள்?" என்றுதான்.

ஸ்ட்ரிப்பை உடைத்து மாத்திரைகளைக் கண்ணாடிக் குப்பியில் கொட்டி ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெளிச்சம், வெப்பம், ஈரம் மூன்றுமே இந்த மருந்துக்கு ஆகாது.

#10 இரண்டரைதான்

சரி, ஒப்புக்கொள்கிறேன், 2.5 எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடலே செய்யும் எதிர்ப்பொருள்) பார்க்காமல் பேசுவது தப்பு. அது பாசிட்டிவ் என்றால் தைராய்டை உடலே தின்றுகொண்டிருக்கிறது, அப்போதாவது மாத்திரை வேண்டாமா?

#11 நாளமிலி

ஆன்டிபாடி பார்க்க வேண்டும் என்பதில் உங்களோடு முழு உடன்பாடு. 1912ல் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த நோய்தான் அயோடின் போதுமான இடங்களில் ஹைப்போவுக்கு முதல் காரணம். அதில் பத்தில் ஒன்பது பேருக்கு டிபிஓ பாசிட்டிவாக இருக்கும். ஆனால் பாசிட்டிவ் என்பது போகும் திசையைச் சொல்கிறது, போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், டிஎஸ்எச்சும் உயர்ந்து ஆன்டிபாடியும் இருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பேர் முழு ஹைப்போவானார்கள். டிஎஸ்எச் மட்டும் உயர்ந்திருந்தால் அதைவிடக் குறைவு. அதாவது கண்காணிப்பை இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்டிபாடியை ஒரு முறை பார்த்தால் போதும். 600லிருந்து 400 ஆனது, 900 ஆனது என்று மாதாமாதம் கணக்கெடுப்பதால் சிகிச்சை எதுவும் மாறாது.

#12 ஆய்வுக்கூட மூலை

ஹைப்பர் பக்கம், அதாவது தைராய்டு ஹார்மோன் மிஞ்சும் பக்கம், போகுமுன் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆரோக்கியமானவருக்கே ஹைப்பர் பட்டம் கட்டிவிட முடியும். பயோட்டின்.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கும். உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். மிச்சம் ரத்தத்தில் சுற்றும். பல மெஷின்களில் சோதனைச் சரக்கைப் பிடித்து வைக்கும் கொக்கியே பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும்தான். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்தக் கொக்கிகளை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது. டிஎஸ்எச்சை அளப்பது இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவே மாட்டும் முறை. கொக்கி அடைபட்டால் சிக்னல் குறையும், எண் பொய்யாக இறங்கும். ஃப்ரீ டி4, டி3 அளப்பது போட்டி முறை. அங்கே சிக்னல் குறைந்தால் எண் பொய்யாக ஏறும். மூன்றும் ஒரே திசையைக் காட்டுவதால் ரிப்போர்ட் அச்சு அசலாக கிரேவ்ஸ் (ஆன்டிபாடி தைராய்டை ஓயாமல் தூண்டும் நோய்) மாதிரி இருக்கும். டிஎஸ்எச் ரிசப்டர் ஆன்டிபாடிகூட அதே போட்டி முறையில் செய்தால் பொய்யாக பாசிட்டிவாகும். படபடப்பு இல்லை, நடுக்கம் இல்லை, நாடி 72, ஆனால் ரிப்போர்ட்டில் கடும் ஹைப்பர் என்றால் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், மிக அதிக டோஸ் என்றால் இன்னும் கூடுதல் நாள்.

மேஸ்திரி சரியாகத்தான் பேசுகிறார், நடுவில் இருக்கும் போன் கெட்டுவிட்டது.

#13 கேள்விக்குறி

போன் நன்றாக இருந்து, டிஎஸ்எச் உண்மையிலேயே 0.01 என்று வைத்துக்கொள்வோம். அது கிரேவ்ஸா வேறு ஏதாவதா என்று எப்படிப் பிரிப்பது?

#14 நாளமிலி

தைராய்டு அதிகமாகச் செய்கிறதா, செய்து வைத்திருந்த சரக்கு கசிகிறதா? இந்த ஒரு கேள்விதான் எல்லாம்.

அதிகமாகச் செய்தால் கிரேவ்ஸ், அல்லது தானாக இயங்கும் கட்டி. கிரேவ்ஸில் டிஎஸ்எச் ரிசப்டரையே ஒரு ஆன்டிபாடி அழுத்திப் பிடித்திருக்கும், மேஸ்திரி வாயை மூடினாலும் கொத்தனார் நிறுத்த மாட்டார். கண் பிதுங்கல், கழுத்து முழுக்கச் சீரான வீக்கம், அதன் மேல் ஸ்டெத்தை வைத்தால் உஸ்ஸென்று ரத்தம் ஓடும் ஓசை இருந்தால் அனேகமாக முடிவாகிவிட்டது. இல்லாவிட்டால் ரிசப்டர் ஆன்டிபாடி டெஸ்ட், அல்லது அயோடின் 123, டெக்னீசியம் ஸ்கேன். கிரேவ்ஸில் சுரப்பி முழுவதும் ஒளிரும். தானியங்கிக் கட்டியில் அந்த இடம் மட்டும் ஒளிர்ந்து மற்ற பகுதி மங்கும்.

கசிவு என்றால் தைராய்டிடிஸ். சுரப்பியில் பல வாரத்துக்குத் தேவையான ஹார்மோன் இருப்பு உண்டு. அழற்சியில் அது உடைந்து வழியும். ஸ்கேனில் சுரப்பி இருண்டு கிடக்கும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, கழுத்தில் தொட்டால் துள்ளும் வலியோடு, இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 50க்கு மேல் என்றால் அது சப் அக்யூட் வகை. பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் வலியே இல்லாமல் வரும் வகை வேறு. இரண்டுமே முதலில் ஹைப்பர், அப்புறம் ஹைப்போ, பிறகு பெரும்பாலும் நார்மல் என்று போகும். இங்கே கார்பிமசோல் கொடுப்பது வீண், ஏனென்றால் அது உற்பத்தியைத் தடுக்கும் மருந்து, கசிவை அடைக்காது. படபடப்புக்கு பீட்டா பிளாக்கர், வலிக்கு வலி மருந்தோ ஸ்டீராய்டோ போதும்.

வயதானவர்களுக்கு ஹைப்பர் வேறு வேஷத்தில் வரும். நடுக்கம், வியர்வை எதுவும் இருக்காது. பசி குறைந்து, இளைத்து, சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், இதயம் மட்டும் தாறுமாறாக ஓடும்.

#15 மாத்திரைக் கட்டம்

கார்பிமசோல், மெத்திமசோல் பேச்சு வந்ததால் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று: தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஆயிரத்தில் சிலருக்கு இந்த மருந்து வெள்ளணுக்களைத் துடைத்துவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். "சாதாரணக் காய்ச்சல்தானே" என்று இரண்டு நாள் பார்ப்பது ஆபத்து.

இரண்டு: ஃப்ரீ டி4, டி3 நார்மலான பிறகும் டிஎஸ்எச் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் 0.01லேயே ஒட்டிக்கிடக்கும். பிட்யூட்டரி எழுந்திருக்க நேரமாகும். அதைப் பார்த்து டோஸை ஏற்றினால் ஆளை ஹைப்போவில் தள்ளிவிடுவோம். இந்தக் கட்டத்தில் டி4ஐப் பார்த்துத்தான் டோஸ்.

#16 பிரசவ வார்டு

நம் மாதிரி 34 வயதுப் பெண் என்பதால் ஒரு கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள்: கர்ப்பமா, அல்லது அதற்குத் திட்டமா? பதில் ஆம் என்றால் 6.8க்குக் காத்திருக்கும் பேச்சே இல்லை. முதல் மூன்று மாதத்தில் சிசுவுக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது, தாயின் டி4ஐ நம்பித்தான் மூளை வளர்கிறது.

ஏற்கெனவே மாத்திரை போடுபவர்களுக்கு, கர்ப்பம் உறுதியானவுடன் தேவை 25 முதல் 30 சதவீதம் கூடும். வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது ஒரு நல்ல ஏற்பாடு. டாக்டரிடம் நேரம் கிடைக்கும்வரை நாள் கடத்தாமல் இருக்கலாம். பிறகு கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை 4 வாரத்துக்கு ஒரு டெஸ்ட்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. முதல் மூன்று மாதத்தில் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் தைராய்டைச் சற்றுத் தூண்டும், உருவத்தில் டிஎஸ்எச்சுக்கு உறவுக்காரர் அது. அதனால் டிஎஸ்எச் இறங்கும். கடும் வாந்தியோடு டிஎஸ்எச் 0.05 என்று வந்தால் எல்லாமே கிரேவ்ஸ் இல்லை. ரிசப்டர் ஆன்டிபாடி நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தம் 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பது நல்லது. பிறந்த அரை மணியில் டிஎஸ்எச் 60, 70 என்று எகிறிவிட்டு மெல்ல இறங்கும். முதல் நாளே எடுத்தால் நல்ல குழந்தைக்கும் நோய் என்று வரும். உண்மையிலேயே பிறவிக் குறைபாடு இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். பெரியவர்களின் முழு டோஸ் கிலோவுக்கு 1.6தான், ஒப்பிட்டுப் பாருங்கள்.

#17 ஸ்கேன் அறை

சம்பந்தமில்லாமல் நுழைகிறேன், ஆனால் டிஎஸ்எச் சற்று உயர்ந்ததும் "கழுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்பது வழக்கமாகிவிட்டது. கழுத்தில் கட்டியோ வீக்கமோ தட்டுப்படாவிட்டால் தேவையில்லை. எடுத்தால் என்ன ஆகும்? தேடினால் பெரியவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு சிறு முடிச்சு தெரியும். பிறகு தூக்கம் போய்விடும்.

முடிச்சு இருந்தால் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. திடமானதா, நீர் நிறைந்ததா? சுற்றிலும் உள்ளதைவிடக் கருமையா? அகலத்தைவிட உயரம் அதிகமா? ஓரம் பிசிறா? உள்ளே உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளா? இவற்றுக்கு மதிப்பெண் போட்டு டைராட்ஸ் 1 முதல் 5 வரை பிரிப்போம். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி முறைப்படி 5ஆம் வகுப்பு 1 சென்டிமீட்டர் தொட்டாலே ஊசி போட்டு செல் எடுக்க வேண்டும். 4 என்றால் 1.5, 3 என்றால் 2.5. முழுக்க நீர்க்கட்டி என்றால் ஊசியே வேண்டாம்.

ஒரே விதிவிலக்கு: முடிச்சோடு டிஎஸ்எச் குறைவாக இருந்தால் முதலில் அயோடின் ஸ்கேன். ஒளிரும் முடிச்சில் புற்று மிக அபூர்வம்.

#18 கேள்விக்குறி

அந்த ஊசி எடுத்தும் "ஃபாலிகுலர், உறுதியாகச் சொல்ல முடியாது" என்று வருகிறதே, அது எடுத்தவர் தப்பா?

#19 ஸ்கேன் அறை

தப்பில்லை, முறையின் எல்லை. ஊசியில் வருவது உதிரிச் செல்கள். ஃபாலிகுலர் வகையில் சாதாரணக் கட்டியும் புற்றும் செல்லளவில் ஒரே மாதிரி இருக்கும். கட்டியின் உறையை உடைத்து வெளியே போயிருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம், அதற்கு உறையோடு முழுக் கட்டியும் வேண்டும். ஊசி ரிப்போர்ட்டை வகைப்படுத்தும் பெதெஸ்டா முறையில் 4 என்று எழுதுவது இதைத்தான். பெதெஸ்டா 1 என்றால் போதிய செல் வரவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். அதை "நார்மல்" என்று வாசித்துவிடாதீர்கள்.

#20 ஆய்வுக்கூட மூலை

மேஸ்திரிக்கே தொண்டை கட்டிய நிலையை யாரும் தொடவில்லை. ஃப்ரீ டி4 0.5, டிஎஸ்எச் 1.8. டிஎஸ்எச் மட்டும் எடுத்திருந்தால் "நார்மல்" என்று அனுப்பியிருப்பார்கள். டி4 இவ்வளவு குறைந்தால் டிஎஸ்எச் எகிறியிருக்க வேண்டும், எகிறாததே நோய். பிட்யூட்டரியில் கட்டி, அறுவை, கதிர்வீச்சு, பிரசவத்தில் பெரும் ரத்த இழப்பு இவற்றுக்குப் பின் இது வரும். தலைவலி, பார்வையின் ஓரம் மறைவது, பிரசவத்துக்குப் பின் பால் சுரக்காதது, மாதவிலக்கு திரும்பாதது இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுங்கள்.

#21 நாளமிலி

இதில் மாத்திரை தொடங்குமுன், அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனைக் காலை நேரத்தில் பார்ப்பது கட்டாயம். பிட்யூட்டரி படுத்தால் அட்ரினலும் படுத்திருக்கலாம். கார்ட்டிசால் இல்லாத உடம்பில் தைராக்சினை மட்டும் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் வேகமாகக் கரைந்து ஆள் மயங்கி விழுவார். பிறகு டோஸை டிஎஸ்எச் பார்த்துச் சரிசெய்ய முடியாது. ஃப்ரீ டி4 எல்லையின் மேல் பாதியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

#22 கேள்விக்குறி

சரி, மாதிரிக்கே திரும்புவோம். கர்ப்பமும் இல்லை, திட்டமும் இல்லை. பயோட்டின் இல்லை. இரண்டரை மாதம் கழித்து அதே ஆய்வுக்கூடம், அதே காலை நேரம்: டிஎஸ்எச் 4.4, ஃப்ரீ டி4 1.2, டிபிஓ நெகட்டிவ். ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் 7. இப்போது?

#23 நாளமிலி

இப்போது அசதிக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஃபெரிட்டின் 7 என்றால் இரும்பு இருப்பு காலி. அதற்கு மருந்து, ஏன் குறைந்தது என்று தேடல், மாதவிலக்குப் போக்கு பற்றிய கேள்வி எல்லாம் முதலில். தைராய்டுக்கு மாத்திரை வேண்டாம். இன்னொரு டிஎஸ்எச் ஆறு மாதம் கழித்து, பிறகு ஆண்டுக்கு ஒன்று. மலச்சிக்கலை இரும்பு மாத்திரை இன்னும் கூட்டலாம், அதை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் தைராய்டு கணக்கில் ஏறும்.

#24 இரண்டரைதான்

4.4 இன்னமும் எல்லைக்கு மேல்தான்.

#25 ஆய்வுக்கூட மூலை

மாலை மூன்று மணிக்கு எடுத்தால் உள்ளே வந்துவிடும். வேண்டுமா?